சாவிக்கொத்தும் சாக்பீஸும்

பள்ளிக்கூடங்களையும் ஒரு தொழிற்சாலையைப் போல நடத்தினால்தான் நாடு உருப்படும் என்று ஒரு பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்களில்தான் இது அதிகம். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பல்லாவரம், தாம்பரம், கூடுவாஞ்சேரி தாண்டி மறைமலை நகர் வரும். இன்னும் சற்றுப் போய்ச் சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம். அதையும் கடந்தால் ஸ்ரீபெரும்புதூர். ஏரியும் நெல்வயலுமாக இருந்த இந்த வட்டாரத்தில் இன்று கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், செல்பேசி செய்கிறார்கள். ஷிப்டு முடிகிற நேரத்தில் சாலையில் போனால் கம்பெனி பஸ்களுக்கு நடுவே நம் வண்டிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். இத்தனை காரியங்களைக் கச்சிதமாகச் செய்யத் தெரிந்த கனவான்களுக்கு, பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவுடன் கை துறுதுறுப்பதில் ஆச்சரியம் இல்லை.

அவர்கள் கட்சியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொருவருக்கும் இன்ன வேலை என்று இருக்கிறது. இத்தனை மணிக்குள் இத்தனை உருப்படி என்று கணக்கு இருக்கிறது. பிசகு நேர்ந்தால் எந்த இடத்தில் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறது. உற்பத்தி குறைந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் இப்படி இருக்கக் கூடாது? தலைமையாசிரியரை மேனேஜராக்குங்கள். தேர்ச்சி சதவீதத்தை அவருடைய உற்பத்திக் கணக்காக வையுங்கள். கூடினால் பாராட்டுங்கள், குறைந்தால் ஆளை மாற்றுங்கள். இதுதான் அவர்கள் சொல்வது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கிறது.

அந்தக் கைதட்டலில் கலந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. தலைமையாசிரியரை மேனேஜராக்க வேண்டும் என்று இவர்கள் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஏற்கெனவே ஆக்கியாகிவிட்டது. நம் பள்ளிகளின் கோளாறில் பாதி அதனால் வந்தது என்பது என் கட்சி. மருந்து என்று எதைக் கொடுக்கச் சொல்கிறார்களோ, அதைத் தின்றுதான் நோயாளி படுத்திருக்கிறான்.

தமிழில் இந்தப் பதவிக்குப் பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பள்ளித் தலைவர் என்று வைக்கவில்லை. பள்ளி அதிகாரி என்று வைக்கவில்லை. தலைமையாசிரியர் என்றார்கள். ஆங்கிலத்து ஹெட்மாஸ்டரிலும் மாஸ்டர் இருக்கிறார். மற்ற ஆசிரியர்களுக்கு முன்னால் நிற்கிற ஆசிரியர் என்றுதானே அதற்குப் பொருள்? பாடம் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தக்கவர் என்று பொருள். அந்தச் சொல்லிலிருந்து ஆசிரியரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் தலைமை. வெறும் தலைமைக்கு நம் நாட்டில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை.

இருபது இருபத்தைந்து வருஷம் நன்றாகப் பாடம் நடத்திய ஒருவருக்குப் பதவி உயர்வு வருகிறது. அன்று அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சாவிக்கொத்தைக் கொடுக்கிறோம். அலுவலக அறைச் சாவி, பீரோ சாவி, சத்துணவுக் கூடத்துச் சாவி, கணினி அறைச் சாவி, கழிவறைச் சாவி! அந்தக் கொத்தோடு அவருடைய ஆசிரியத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோகிறது. ஒரு மோட்டார் கம்பெனியில் நல்ல வெல்டரைச் சம்பளம் உயர்த்தி வெல்டிங் செய்யாமல் தடுத்து வைத்தால் அந்தக் கம்பெனியைப் பற்றி நாம் என்ன நினைப்போம்?

ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் சிற்றுண்டி வந்ததா, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு. பிறகு வருகைப் பதிவு. அதைச் செல்பேசியில் ஏற்ற வேண்டும். எமிஸ் இணையதளம் அன்றைக்கென்று சுற்றிக்கொண்டே இருக்கும். மதியம் சத்துணவு, முட்டைக் கணக்கு. நடுவில் விலையில்லாப் பாடப்புத்தகம், சீருடை, காலணி, சைக்கிள் ஆகியவற்றின் கணக்கு. குழாயில் தண்ணீர் வரவில்லை. துப்புரவுக்கு வரும் அம்மாள் இரண்டு நாளாக வரவில்லை. சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு என்று பெற்றோர்கள் வாசலில் நிற்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி: இந்த விவரத்தை அரை மணி நேரத்தில் அனுப்பவும். போன வாரம் அனுப்பிய அதே விவரந்தான். கட்டம் மட்டும் வேறு.

இதைச் சொன்னவுடன், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது பிடிக்காதா என்று கேட்க ஆள் இருக்கிறார்கள். நன்றாகப் பிடிக்கும். 1950-களில் காமராஜர் ஆட்சியில் மதிய உணவாக வளர்ந்து, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகப் பெருகி, 2022-ல் காலைச் சிற்றுண்டியாகவும் ஆன இந்தக் காரியத்தை விட மேலான காரியம் இந்த ராஜ்யத்தில் அதிகம் நடந்ததில்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று தெரிந்துகொண்ட அரசாங்கங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் சோறு போட வேண்டும் என்பது ஒரு விஷயம். சோற்றுக் கணக்கைத் தலைமையாசிரியர்தான் எழுத வேண்டும் என்பது வேறு விஷயம். நல்ல திட்டம் ஒன்று வரும்போதெல்லாம் அதன் கடைசிக் கையெழுத்து அவர் தலையில் வந்து விழுகிறது. திட்டங்கள் ஒவ்வொன்றும் இலேசானவைதான். எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே ஏற்றினால் என்ன ஆகும்?

2009-ல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம், மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாராத வேலைக்கும் ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே போய்ச் செய்யும் வேலையைத்தான் அவர்கள் நினைத்துப் பார்த்தார்கள். பள்ளிக்குள்ளேயே உட்காரவைத்து ஓர் ஆசிரியரைக் குமாஸ்தாவாக்கிவிட முடியும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்! அதே சட்டத்தின் அட்டவணைப்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆள். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமைப் பொறுப்பையும் பார்க்க வேண்டும். அவர் ஒரு கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். அவர் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் கதை அதேதான்.

இப்போது தொழிற்சாலைக் கனவான்களிடம் திரும்பி வருகிறேன். பள்ளிக்கூடம் தொழிற்சாலை மாதிரி இருக்க வேண்டும் என்கிறீர்களே, உங்கள் தொழிற்சாலையில் கான்டீன் கணக்கை மேனேஜரா எழுதுகிறார்? சாமான் கிடங்குக்கு ஸ்டோர்கீப்பர் இருக்கிறார். வாசலுக்குக் காவல்காரர் இருக்கிறார். ஆள் கணக்குக்கு ஓர் இலாகா, பணக் கணக்குக்கு ஓர் இலாகா, பெருக்கித் துடைக்க ஒரு காண்டிராக்டர். இத்தனை பேர் இருந்துதான் உங்கள் மேனேஜர் மேனேஜராக இருக்கிறார். இந்த அத்தனை பேராகவும் ஒரே மனுஷியை இருக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் உற்பத்தி எங்கே என்று கேட்டால் அது தொழிற்சாலை முறைக்கே அவமானம் அல்லவா? எங்களைப் போல நடத்துங்கள் என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் ஒரு குமாஸ்தாவையும், ஒரு காவல்காரரையும், ஒரு துப்புரவுத் தொழிலாளியையும் உடன் அழைத்துக்கொண்டு வரட்டும். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

அடுத்தது தேர்ச்சி சதவீதம். மே மாதத்தில் இந்தச் சாலை நெடுகப் பாருங்கள். நூற்றுக்கு நூறு என்று பிளெக்ஸ் பலகைகள், பிள்ளைகளின் முகங்கள், நடுவில் தாளாளரின் முகம், எல்லாவற்றையும் விடப் பெரிதாக. இந்த நூற்றுக்கு நூறு எப்படி வருகிறது? நன்றாகப் படிப்பு சொல்லிக் கொடுத்து வருவதும் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாராகப் படிக்கும் பையனுடைய தகப்பனாரைக் கூப்பிட்டு, "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து வருவதும் உண்டு. அந்தப் பையன் எங்கே போகிறான்? பக்கத்து அரசுப் பள்ளிக்கு. அங்கே இருக்கும் தலைமையாசிரியை அவனைச் சேர்த்துக்கொள்கிறார். அவன் தவறினால் அவருடைய சதவீதம் குறைகிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் அவருக்கு வருகிறது. பிளெக்ஸ் பலகை இவர்களுக்கு, ஓலை அவருக்கு!

பதினோராம் வகுப்புப் பாடத்தை அப்படியே விழுங்கிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த வித்தையும் இந்தச் சதவீதத்துக்குப் பிறந்த பிள்ளைதான். அது மிஞ்சிப் போனதால்தான் 2017-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று அரசாங்கம் கொண்டுவந்தது. அதே வருஷம் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற பட்டியலையும் நிறுத்தியது. பிறகு அந்தப் பதினோராம் வகுப்புத் தேர்வும் பிள்ளைகளுக்குப் பாரம் என்று 2025-ல் கைவிடப்பட்டது. தேர்வை வைப்பதாலும் எடுப்பதாலும் மட்டும் இந்த வியாதி போகாது. ஒரு பள்ளியின் முதல்வர் தம் பள்ளியில் படிக்கும் பலவீனமான பிள்ளையைத் தம் பதவிக்கு ஆபத்து என்று நினைக்கும்படி வைத்திருக்கிறோமே, அதுதான் வியாதி. வைத்தியர் நோயாளியைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி எதற்கு?

தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்பேசித் தொழிற்சாலை வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். 2014-ல் மூடிவிட்டார்கள். மறைமலை நகரில் 1999-ல் போர்டு கார் தொழிற்சாலை கார் செய்யத் தொடங்கியது. 2021-ல் போகிறோம் என்று அறிவித்தார்கள். 2022-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. எஞ்சின் செய்யத் திரும்பி வருவதாக 2025-ல் அறிவிப்பும் வந்தது. வரட்டும், சந்தோஷம். தொழிற்சாலைக்குக் கணக்கு ஒத்துவந்தால் இருக்கும், ஒத்துவராவிட்டால் போகும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதன் தர்மம் அது. ஆனால் அது மூடின மறுநாள் காலையிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க வேண்டியிருந்தது. வேலை போன தகப்பன்மார்களின் பிள்ளைகள் அன்றும் வந்தார்கள். கான்வென்டில் பணம் கட்ட முடியாமல் நடு வருஷத்தில் அரசுப் பள்ளிக்கு மாற வந்த பிள்ளைக்கு, இந்தக் காலாண்டில் எங்களுக்கு ஆர்டர் இல்லை என்று எந்தத் தலைமையாசிரியராவது சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது என்பதுதான் இந்தப் பதவியின் கஷ்டம். இந்தப் பதவியின் பெருமையும் அதுதான். இதை எனக்கு விளங்கவைத்தவர் ஒரகடத்துக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. நான் போயிருந்த சமயம் நவம்பர் மாதம். கட்டட வேலைக்கு ஒடிஸாவிலிருந்து வந்த ஒரு தாய், எட்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. இவருக்கு ஒடியா தெரியவில்லை. அரைகுறை இந்தியில் ஒரு மேஸ்திரி நடுவில் நின்றார். ஐந்து நிமிஷத்தில் அந்தப் பெண் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"சான்றிதழ் ஒன்றும் கேட்கவில்லையே, அம்மா?" என்றேன்.

"கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க ஐயா. சட்டம் இல்லாட்டியும், வாசல்ல நிக்கிற புள்ளைய எங்கே போகச் சொல்றது?" என்றார்.

"வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுவார்களே?"

"போகட்டும்ங்க. போற வரைக்கும் படிக்கட்டும். கம்ப்யூட்டர்தான் ஏதேதோ நம்பர் கேக்குது. ராத்திரி வீட்டில உட்கார்ந்து பார்த்துக்கறேன்."

அவர் சொன்னது உண்மை. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்ற எந்தக் காரணத்துக்காகவும் பதினான்கு வயது வரை ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை வாசலில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் இருந்து, "உள்ளே வா" என்று சொன்னால்தான் சட்டம் சட்டமாகிறது. மேலே மந்திரியும் செயலாளரும் இயக்குநரும் எவ்வளவு பெரிய உத்தரவு போட்டாலும் கடைசியில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்கிற அதிகாரம் தலைமையாசிரியர் ஒருவருக்கே இருக்கிறது. இதை விடப் பெரிய அதிகாரம் கலெக்டருக்குக்கூட இல்லை என்பேன். இந்தப் பதவிக்குச் சம்பளத்துக்கு மேலே என்ன கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இதே அம்மையார்கள் இன்னொரு பக்கத்திலும் போராட வேண்டியிருக்கிறது. பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்குக் கம்பெனி பஸ்ஸின் மேல் கண். அண்ணன் காண்டிராக்டில் போய் மாதம் சம்பளம் கொண்டுவருகிறான்; இவன் ஏன் இயற்பியல் படிக்க வேண்டும்? வீட்டிலும் பணம் வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியர் அவன் வீட்டுக்குப் போய், "இன்னும் சில வருஷம் பொறுத்தால் காண்டிராக்டுக் கூலியாக அல்ல, டிப்ளமோக்காரனாக உள்ளே போவான்" என்று தாயிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பையனை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு எந்தப் பாடம் வரும், எந்தப் பாடம் வராது என்று தெரிந்திருக்க வேண்டும். பாடம் நடத்தாத தலைமையாசிரியருக்கு இது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிவது அவனுடைய எமிஸ் எண் மட்டுமே!

இந்த ஊரின் பெயரையே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மறைமலை நகர் என்றால் யார் பெயர்? கார் கம்பெனி முதலாளியின் பெயர் அல்ல; மந்திரியின் பெயர் அல்ல. ஒரு வாத்தியார் பெயர். நாகப்பட்டினத்தில் 1876-ல் பிறந்த வேதாசலம், தகப்பனார் இறந்துபோனதால் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. கல்லூரிப் பட்டம் கிடையாது. தாமாகப் படித்தார். அப்படிப்பட்டவரை 1898-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தமிழாசிரியராக எடுத்துக்கொண்டது. அப்போது அந்தக் கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர். தமிழ்த் துறையில் பரிதிமாற்கலைஞர் இருந்தார். பதின்மூன்று வருஷம் அங்கே பாடம் சொன்ன வேதாசலந்தான் பிறகு மறைமலையடிகள் ஆனார். 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார்.

மில்லரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்திலிருந்து 1862-ல் இருபத்து நான்கு வயதில் இங்கே வந்தார். ஒரு பள்ளிக்கூடமாக இருந்ததைக் கல்லூரியாக வளர்த்தார். 1907 வரை அதன் தலைவராக இருந்தார். அவர் பாதிரியார், அவருடைய நோக்கங்களைப் பற்றி விவாதிக்கிறவர்கள் விவாதிக்கலாம். ஆனால் முதல்வராக இருந்த காலத்தில் அவர் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றிப் புத்தகங்களே எழுதினார். லியர் அரசன் கதையை இந்திய அரசியலோடு சேர்த்துப் பேசிய புத்தகம் அதில் ஒன்று. கல்லூரிக் கணக்கும் பார்த்தார், பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார், லியரையும் விடவில்லை. அந்தக் காலத்தில் எமிஸ் இல்லையே என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அவர் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்ட வகுப்புகளில் தமிழ் கட்டாயப் பாடம் அல்ல என்று பல்கலைக்கழகம் விதி செய்தது. தமிழாசிரியர்களின் தேவை குறைந்தது. 1911-ல் அடிகள் கல்லூரியை விட்டுப் பல்லாவரத்துக்குப் போய்விட்டார். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைப்பதற்கு ஒரு கல்லூரி துணிய வேண்டியிருந்தது. அவர் வெளியே போவதற்கு ஒரு விதி போதும். இன்றைய அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்குத் தம் பள்ளிக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கலந்தாய்வில் யார் வருகிறார்களோ அவர்; கலந்தாய்வில் யார் போகிறார்களோ அவர். சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் பயந்து செய்த ஏற்பாடு இது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும், ஓர் ஆசிரியரைக் கணிதம் நன்றாக நடக்கும் நடு வருஷத்தில் பிடுங்கிக்கொண்டு போகும்போது, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையாவது தலைமையாசிரியருக்கு இருக்க வேண்டாமா? எந்தக் கம்பெனி மேனேஜர் இதற்கு ஒப்புக்கொள்வார்?

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். தலைமையாசிரியர்களையும் கொஞ்சம் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. சாவிக்கொத்தை விரும்புகிறவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதை விட அலுவலக அறையில் மின்விசிறியின் கீழ் உட்காருவது சுகம். "மேலிடத்து உத்தரவு" என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் எந்தப் பொறுப்பும் தொடாது. தனியார் பள்ளி முதல்வர்களில் சிலருக்குத் தாளாளரின் கட்டண வசூல்காரராக இருப்பதே உத்தியோகமாகிவிட்டது. கட்டணம் பாக்கி என்று ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, காலை வழிபாட்டில் அறத்துப்பால் பேசுகிறார்கள். குறிப்பேட்டில் கையெழுத்துப் போடும் இந்த முதல்வர்களுக்கும், நவம்பர் மாதத்தில் ஒடிஸாப் பெண்ணை உள்ளே அழைத்த அந்த அம்மாளுக்கும் பதவியின் பெயர் ஒன்றுதான். எஜமான் யார் என்பதில்தான் வேற்றுமை. அந்த அம்மாளுக்கு எஜமான் வாசலில் நின்ற பிள்ளை.

இந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கும் ஒரு விண்ணப்பம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். அதில் கொஞ்சம் பள்ளிகளுக்கும் வருகிறது. எப்படி வருகிறது? சுவரில் மீனும் யானையும் வரைகிறார்கள். ஒளித்திரை மாட்டுகிறார்கள். பக்கத்திலே கம்பெனி பெயரைக் கல்லில் பொறிக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒளித்திரை கெட்டால் பழுது பார்க்க ஆள் இல்லை. அந்த அறைச் சாவியும் கொத்தில் சேர்கிறது. 1950-களில் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். அவர் காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், எங்கள் பள்ளிக்கு இன்னது வேண்டும் என்று ஆசிரியர்களும் ஊராரும் கேட்டார்கள். ஜனங்கள் பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் கொடுத்தார்கள். கேட்டவர் பள்ளிக்காரர், கொடுத்தவர் ஊர்க்காரர். இப்போது கொடுக்கிறவரே என்ன வேண்டும் என்றும் முடிவு செய்துவிடுகிறார். கம்பெனிக் கனவான்களே, சுவரைச் சும்மா விடுங்கள். நான்கு பள்ளிக்கு ஒரு கணக்கெழுத்தருடைய சம்பளத்தையும், பள்ளிக்கு ஒரு துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்தையும் பத்து வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் போட்டோவுக்கு அழகு இருக்காது. ஆனால் ஒரு தலைமையாசிரியர் வகுப்பறைக்குத் திரும்பிப் போவார்.

அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியவை அதிகம் இல்லை. ஒருமுறை கொடுத்த விவரத்தை மறுமுறை கேட்காதீர்கள். பள்ளி நேரத்தில் கூட்டம் போடாதீர்கள். தேர்ச்சி சதவீதத்தை வைத்துத் தலைமையாசிரியரை எடைபோடாதீர்கள். எத்தனை பிள்ளைகளை நடுவில் இழக்காமல் கடைசி வகுப்பு வரை கொண்டுவந்தார் என்று பாருங்கள். ஒரே பள்ளியில் ஐந்து வருஷமாவது இருக்க விடுங்கள். ஊரைத் தெரிந்துகொள்ளவே இரண்டு வருஷம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு பெரிய பள்ளியானாலும் தலைமையாசிரியர் தினம் ஒரு பாடவேளை, அதுவும் கீழ் வகுப்பு ஒன்றில், கட்டாயம் நடத்த வேண்டும் என்று விதி செய்யுங்கள். அந்த நாற்பது நிமிஷத்தில் டெலிபோன் அடித்தால் அது அமைச்சர் வீட்டிலிருந்தே வந்தாலும் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் அந்த விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் மாதத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறீர்கள். வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துச் சதவீதத்தைக் கணக்குப் போடுகிறீர்கள். இந்த முறை அதை விட்டுவிடுங்கள். உள்ளே போய், தலைமையாசிரியர் எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுக்கிறார் என்று கேளுங்கள். நிர்வாகத்துக்கே நேரம் போதவில்லை என்று பதில் வந்தால் காரணத்தை விசாரியுங்கள். அரசுப் பள்ளியானால் மேலாண்மைக் குழுவில் நீங்களே உட்கார்ந்து அதற்கு வழி தேடுங்கள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார், இப்போது வகுப்பில் இருக்கிறார், கொஞ்சம் காத்திருங்கள் என்று சொன்னால் காத்திருங்கள். பிள்ளையை அங்கேயே சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.